அமீபாவும் ஏலக்காய் மண்டியும்: பல கணினிகள் ஒரே கணினியாக இயங்கும் விதம்

முன்னுரை

ஒரு கடைக்கு ஒரு கணக்குப்பிள்ளை போதும். ஐந்து ஊரில் ஐந்து கடை இருந்தால் ஐந்து கணக்குப்பிள்ளைகள் வேண்டும். அந்த ஐவரின் ஏடுகளும் எந்த நேரத்தில் பார்த்தாலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டால், தொல்லை அங்கேதான் ஆரம்பம். வணிகர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. கணினி அறிஞர்களுக்கு இதே தொல்லை 1970களின் கடைசியில், கணினிகள் மலிந்து ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கப்பட்ட காலத்தில் வந்து சேர்ந்தது. அதற்கு அவர்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் கண்ட தீர்வுகளுள் ஒன்றை, நம் மலரின் வாசக அன்பர்களுக்கு என் அறிவுக்கு எட்டியவரை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கணினி படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காகப் பாலக்காடு வந்து, ஏலக்காய், மிளகு முதலான மலைச்சரக்கு வியாபாரத்தில் காலம் தள்ளியவன். என் மகன் பொறியியல் படித்தபோது வாங்கிய தடித்த புத்தகங்கள் அவன் வேலைக்குப் போன பிறகு பரண் ஏறின. அவற்றை இறக்கி, அகராதியை வைத்துக்கொண்டு, கடை அடைத்த பிறகு இரவுகளில் படித்துத் தெரிந்துகொண்டதே இங்கே வருகிறது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், குமுளி, மூணாறு என்று எல்லையோரம் வாழும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலை இன்னதென்று பெற்றோர்க்குப் புரிந்தால் நல்லதுதானே!

இயங்குதளம் என்பது யாது?

ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பதைத் தமிழில் இயங்குதளம் என்கிறோம். கணினி என்னும் கடையில் இது மேலாளர் மாதிரி. யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது தராசு, எந்தச் சரக்கு எந்த அலமாரியில் என்று முடிவு செய்வது மேலாளர் வேலை. விண்டோஸ், லினக்ஸ், கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டு எல்லாம் இந்த வகை.

இவை அடிப்படையில் ஒரு கணினிக்கு ஒரு மேலாளர் என்ற கணக்கில் உருவானவை. பத்துக் கணினிகளைக் கம்பியால் இணைத்தால் பத்து மேலாளர்கள் இருப்பார்கள். ஒருவர் மற்றவரிடம் சரக்கு கேட்கலாம். ஆனால் எந்தச் சரக்கு எந்தக் கடையில் இருக்கிறது என்பதை வாடிக்கையாளரே நினைவில் வைத்திருக்க வேண்டும். இதற்கு நெட்வொர்க் என்று பெயர். பரவல் இயங்குதளம் என்பது இதற்கு ஒரு படி மேலே. பத்துக் கணினிகளுக்கும் சேர்த்து ஒரே நிர்வாகம். வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடி பெறுவார். அது எந்தக் கடையிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

பொருள் என்னும் சொல்

இனி "பொருள்நோக்கு" என்ற சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்பார்கள். இந்தக் கருத்து நார்வே நாட்டில் டால், நைகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா 67 என்ற கணினி மொழியில் 1967இல் வடிவம் பெற்றது. பிறகு 1970களில் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் ஸ்மால்டாக் என்ற மொழியாக வளர்ந்தது.

நமக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூலைப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பெயர்ச்சொல் ஆறு வகை என்பது நினைவிருக்கும்: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். ஓர் ஏலக்காய் மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை என்பது பொருள். பச்சை நிறம், எட்டு மில்லிமீட்டர் பருமன் ஆகியவை குணம். உலர்த்துதல், தரம் பிரித்தல், எடை போடுதல் ஆகியவை தொழில். கணினி அறிஞர்கள் செய்தது என்னவென்றால், குணத்தையும் தொழிலையும் பொருளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டார்கள். மூட்டையின் எடை வேண்டுமென்றால் நீங்களாக அவிழ்த்துப் பார்க்கக் கூடாது, "உன் எடை என்ன?" என்று மூட்டையைக் கேட்க வேண்டும், அது சொல்லும். அனுமதிக்கப்பட்ட தொழில்களின் வழியாக மட்டுமே பொருளைத் தொட முடியும். இலக்கணப் புலவர்கள் பொறுத்தருள்க. ஒப்புமைக்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்தப் பொருள்நோக்கையும் பரவலையும் சேர்த்தால் என்ன ஆகும்? பொருளைத் தொழில் வழியாக மட்டுமே தொட முடியும் என்றால், அது எந்த ஊரில் இருந்தால் என்ன? ஆறில் "இடம்" என்பது கேட்பவருக்கு வேண்டாததாகப் போய்விடுகிறது. பொருள்நோக்குப் பரவல் இயங்குதளத்தின் மொத்தத் தத்துவமும் இதுதான்.

ஆம்ஸ்டர்டாமின் அமீபா

இத்தகைய ஆய்வுகளில் பெயர் பெற்ற ஒன்று அமீபா. நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள விரைய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1980களின் தொடக்கத்தில் இதை ஆரம்பித்தார். சாப்பே முல்லெண்டர், ராபர்ட் வான் ரெனெஸ், ஃபிரான்ஸ் காஷூக் முதலியோர் உடன் உழைத்தனர். அதே நகரில் உள்ள சி.டபிள்யூ.ஐ. என்னும் கணித, கணினியியல் ஆய்வு மையமும் இணைந்துகொண்டது. கடைசிப் பதிப்பான 5.3, 1996இல் வெளிவந்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு உழைப்பு.

அமீபாவில் ஒவ்வொருவர் மேசையிலும் இருப்பது திரையும் தட்டச்சுப் பலகையும் கொண்ட எளிய முனையம்தான். கணக்கிடும் செயலிகள் எல்லாம் வேறோர் அறையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இதற்குச் செயலிக் குளம் என்று பெயர். சுமை தூக்கும் தொழிலாளர்கள் ஓரிடத்தில் கூடியிருப்பதுபோல. லாரி வந்தால் தேவைப்பட்ட அளவு ஆட்கள் எழுந்து போவார்கள், வேலை முடிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்கள். எந்த ஆளும் எந்த முதலாளிக்கும் சொந்தம் கிடையாது. ஒருவருக்குப் பெரிய வேலை இருந்தால் குளத்தில் காலியாக உள்ள செயலிகள் பலவும் சேர்ந்து அவருக்கு உழைக்கும்.

ஒவ்வொரு கணினியிலும் நுண்கரு என்ற மிகச்சிறிய மையப்பகுதி மட்டும் இருக்கும். நிரல்களை ஓடவிடுதல், நினைவகத்தைப் பங்கிடுதல், செய்தி கொண்டுபோதல், கருவிகளைக் கவனித்தல் ஆகியவை அதன் வேலை. கோப்புகளைக் காப்பது, பெயர்ப் பட்டியல் வைத்திருப்பது போன்ற மற்ற வேலைகளை எல்லாம் சேவையகங்கள் என்ற தனி நிரல்கள் பார்த்துக்கொள்ளும். ஒரு சேவையகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கடை முழுவதையும் இழுத்து மூட வேண்டியதில்லை.

சீட்டுக்கு உள்ள மரியாதை

அமீபாவில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் சீட்டு முறை. எங்கள் தொழிலில் சரக்கு கோடவுனில் இருக்கும், முதலாளி கடையில் இருப்பார். "இந்தச் சீட்டைக் கொண்டுவருபவரிடம் ஐந்து மூட்டை கொடு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கோடவுன்காரர் ஆளைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்ப்பார். அமீபாவில் ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு சீட்டு உண்டு. அதன் ஆங்கிலப் பெயர் கேப்பபிலிட்டி. சீட்டு இல்லாதவருக்குப் பொருள் இல்லை, அவர் யாராக இருந்தாலும் சரி.

சீட்டின் நீளம் 128 பிட்டுகள். அதில் நான்கு பகுதிகள். முதல் 48 பிட்டுகள் எந்தச் சேவையகம் என்பதைச் சொல்லும், அதாவது எந்தக் கோடவுன். அடுத்த 24 பிட்டுகள் அங்கே எந்தப் பொருள் என்பதைச் சொல்லும். அடுத்த 8 பிட்டுகள் உரிமைகள்: படிக்கலாமா, மாற்றலாமா, அழிக்கலாமா. கடைசி 48 பிட்டுகள் ரகசியக் குறி. கூட்டிப் பாருங்கள், 128 சரியாக வரும்.

சீட்டைத் திருத்திவிட்டால்? ஐந்து மூட்டை என்பதை ஐம்பது என்று ஆக்க ஒரு சுழி போதுமே! இங்கேதான் கடைசி 48 பிட்டுகளின் வேலை. பொருள் உருவாகும்போதே சேவையகம் ஒரு ரகசிய எண்ணைக் குலுக்கி எடுத்துத் தன் ஏட்டில் குறித்துக்கொள்ளும். எல்லா உரிமையும் உள்ள முதலாளிச் சீட்டில் அந்த எண்ணே இருக்கும். "படிக்க மட்டும்" என்ற குறைந்த உரிமைச் சீட்டு வேண்டுமானால், ரகசிய எண்ணையும் உரிமைப் பிட்டுகளையும் கலந்து ஒருவழிக் கணக்கு ஒன்றில் போட்டு அரைப்பார்கள். வருகிற விடைதான் புதிய சீட்டின் குறி. மிளகைப் பொடியாக்கலாம், பொடியை மறுபடி மிளகாக்க முடியாது. அதுபோல விடையிலிருந்து ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. சீட்டு வந்ததும் சேவையகம் தன் ஏட்டில் உள்ள எண்ணையும் சீட்டில் கண்ட உரிமையையும் மறுபடி அரைத்துப் பார்க்கும். உரிமையில் ஒரு பிட் திருத்தியிருந்தாலும் பொடியின் நிறம் மாறிவிடும், சீட்டு செல்லாது.

நம் ஜவுளிக் கடைக்காரர்கள் துணியின் மூலையில் எழுத்துகளால் அடக்க விலையைக் குறித்து வைப்பார்களே, அந்தக் குழூஉக்குறியின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம். ஒரு வித்தியாசம் உண்டு. குழூஉக்குறியின் ரகசியம் கடையில் வேலை பார்த்த ஒருவர் வெளியே போய்ச் சொன்னால் உடைந்துவிடும். அமீபாவில் முறை எல்லார்க்கும் தெரிந்தது, புத்தகத்திலேயே அச்சாகி இருக்கிறது; எண் மட்டுமே ரகசியம்.

சீட்டு முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. நகல் எடுத்தால் நகலும் மூலமும் ஒன்றுதான். ஒருவரிடம் கொடுத்ததை அவரிடமிருந்து மட்டும் பிடுங்க வழியில்லை. சேவையகம் ரகசிய எண்ணை மாற்றலாம், அப்போது பழைய சீட்டுகள் எல்லாமே ஒரே நேரத்தில் செத்துப்போகும். நல்லவர் கெட்டவர் எல்லாரும் புதுச் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இதைப் படிக்கும் தாய்மார்கள் "நமக்கு எதுக்கு இந்தக் கதை" என்று நினைக்க வேண்டாம். கல்யாணப் புகைப்படங்களை இணையத்தில் ஏற்றிவிட்டு "இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்" என்று ஒரு நீளமான முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அது அமீபாச் சீட்டேதான். அந்த முகவரி யார் கைக்குப் போனாலும் அவர் பார்க்கலாம். "இன்னின்னார் மட்டும்" என்று பெயர் குறித்துக் கொடுத்தால் அது பட்டியல் முறை. குடும்பப் படங்களுக்கும் சொத்துப் பத்திரங்களுக்கும் பட்டியல் முறையே நல்லது. இந்த ஒரு விஷயம் நினைவில் நின்றாலே இந்தக் கட்டுரை எழுதிய பயன் எனக்குக் கிட்டிவிடும்.

திருத்தக் கூடாத ஏடு

அமீபாவின் கோப்புக் காப்பகத்துக்குப் புல்லட் என்று பெயர். துப்பாக்கிக் குண்டு வேகம் என்பதால் அந்தப் பெயர். அதன் விதி எளிது: எழுதிய கோப்பைத் திருத்த முடியாது. உருவாக்கலாம், படிக்கலாம், அழிக்கலாம். மாற்றம் வேண்டுமா, புதிய கோப்பு எழுதிக்கொள், பெயர்ப் பட்டியலில் பழையதன் இடத்தில் புதியதை வை.

இது வணிகர்க்கு உடனே விளங்கும். நாள்வழியில் எழுதியதை அடித்துத் திருத்தும் கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் நம்பமாட்டார். தவறு இருந்தால் மறுநாள் எதிர்ப்பதிவு போடுவதே மரபு. கணினியிலும் இதனால் இரட்டை நன்மை. கோப்பு மாறாது என்பதால் எத்தனை நகல் எங்கே வைத்தாலும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கோப்பை வட்டில் ஒரே தொடராக வைத்து, ஒரே மூச்சில் படிக்கவும் முடியும். இன்று பெரிய நிறுவனங்கள் விற்கும் பொருள் சேமிப்பகங்களிலும், 2006இல் அமேசான் தொடங்கிய எஸ்-3 உட்பட, ஒரு பொருளை நடுவில் திருத்த வழியில்லை. முழுசாக மாற்றித்தான் வைக்க வேண்டும். ஒரே எண்ணம் பல இடங்களில் முளைப்பதற்கு அதன் வலிமையே காரணம்.

பதில் வராத கடிதம்

பரவலான வேலையில் மிகக் கடினமானது பாதிக் கெடுதல். ஒற்றைக் கணினி கெட்டால் எல்லாம் நின்றுவிடும், தெளிவாகத் தெரியும். பல கணினிகள் சேர்ந்த இடத்தில் ஒன்று மட்டும் கெட்டால்? கோடவுனுக்குப் "பத்து மூட்டை அனுப்பு" என்று கடிதம் போட்டோம், பதில் இல்லை. கடிதம் போகவில்லையா? போய்ச் சேர்ந்து சரக்கும் கிளம்பி, பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? மறுபடி எழுதினால் இருபது மூட்டை வந்து இறங்கலாம், எழுதாவிட்டால் ஒன்றும் வராமலே போகலாம். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலத்தில் எங்கள் தொழிலில் இந்தக் குழப்பம் சாதாரணம்.

அமீபா இதற்கு "அதிகபட்சம் ஒருமுறை" என்ற உறுதியைத் தந்தது. கேட்ட வேலை ஒருமுறை நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டு முறை மட்டும் நடக்கவே நடக்காது. பணம் பட்டுவாடா செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொரு சிக்கல் வரிசை. பலர் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால் ஒரு கணினிக்கு முதலில் ராமனுடையதும் இன்னொன்றுக்கு முதலில் ரஹீமுடையதும் கிடைக்கலாம். இதற்குக் காஷூக் செய்த வழி சுவையானது. குழுவில் ஒரு கணினியை வரிசை எண் போடுபவராக வைத்தார். எல்லாச் செய்தியும் அவர் போடும் எண்ணின்படியே எல்லாருக்கும் போய்ச் சேரும். அவர் செத்துவிட்டால் மீதியுள்ளோர் கூடிப் புதியவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

மலையின் இரு பக்கமும் ஓர் ஏலம்

இந்த வரிசைச் சிக்கல் நம் வாசலிலேயே இருக்கிறது. இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய் இரண்டு இடங்களில் ஏலம் போகிறது. ஒன்று, மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் போடிநாயக்கனூர். மற்றொன்று, மலைக்கு மேலே கேரளத்தில் வண்டன்மேட்டை அடுத்த புற்றடி. முன்பு வாயால் கூவி நடந்த ஏலம் 2007 முதல் கணினி வழி ஏலமாயிற்று. வியாபாரிகள் ஒரு கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கணினியில் விலை கேட்டார்கள். ஆனாலும் போடியில் இருப்பவர் போடியில்தான் கேட்க முடியும். புற்றடியில் கேட்க வேண்டுமென்றால் மலையேறியே ஆக வேண்டும்.

2021இல் நறுமணப் பொருள் வாரியம் இரு மையங்களையும் இணைத்து மேகக் கணினி வழி நேரடி ஏலத்தைத் தொடங்கியது. ஒரே லாட்டுக்கு இரு ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் விலை கேட்கலாம் என்று ஆயிற்று. இப்போது எண்ணிப் பாருங்கள். போடியில் ஒருவரும் புற்றடியில் ஒருவரும் ஒரே நொடியில் ஒரே விலையை அழுத்தினால் சரக்கு யாருக்கு? இரண்டு கூடத்துத் திரைகளும் இரண்டு விதமாகக் காட்டினால் ரத்தக் களறிதான்! ஆகவே வரிசை எண் போடும் நடுவர் ஒருவர் உள்ளே இருந்தே தீர வேண்டும். இந்த ஏலமுறை அமீபாவிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் மல்லுக்கட்டிய அதே கேள்வி கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இதில் உள்ள பாடு சின்னதல்ல. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அந்த நாள் விலைதான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். வாங்குபவர் கூட்டம் பெருகினால் விலை கூடும் வாய்ப்பு உண்டு. அதே சமயம் நடுவில் உள்ள கணினி நின்றால் இரு பக்கமும் ஒன்றாக நிற்கும்.

அப்படி நிற்பதற்கு நாடறிந்த உதாரணம் உண்டு. சரக்கு லாரிகளுக்கான மின்வழிச் சீட்டு, அதாவது ஈ-வே பில், 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுதும் தொடங்கியபோது இணையதளம் சுமை தாங்காமல் திணறியது. அமல் தள்ளிவைக்கப்பட்டு ஏப்ரல் 1 முதலே மாநிலங்களுக்கிடையே நடைமுறைக்கு வந்தது. இன்று அது ஒழுங்காக நடக்கிறது. வாளையாறில் மணிக்கணக்கில் லாரிகள் நின்ற காலம் 2017இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டதோடு போயிற்று. ஓட்டுநர் கையில் உள்ள 12 இலக்க எண் போதும். நல்லதுதான். ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருக்கக் கூடாது என்பது பரவல் ஆய்வின் முதல் பாடம். அமீபாவில் பெயர்ப் பட்டியல் சேவையகத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் நகலாக வைத்தது இதற்காகத்தான்.

அட்லாண்டாவும் சென்னையும்

அமீபா தனியாக முளைக்கவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் 1980களில் கிளவுட்ஸ் என்ற பரவல் இயங்குதளம் உருவானது. பார்த்தா தாஸ்குப்தா, ரிச்சர்ட் லெபிளாங்க், முஷ்டாக் அகமத், உமாகிஷோர் ராமச்சந்திரன் ஆகியோர் அதில் முதன்மையானவர்கள். பெயர்களைப் பார்த்தாலே நம் நாட்டு வாசனை தெரியும். இதில் கோப்பு என்பதே கிடையாது, எல்லாம் அழியாப் பொருள்கள். வேலை என்பது ஒரு இழையாக ஒரு பொருளுக்குள் நுழைந்து, அங்கிருந்து வேறு கணினியில் உள்ள பொருளுக்குள் போய், முடித்துத் திரும்பும். வீடு வீடாகப் போய்ப் பூத்தொடுத்து வரும் நூல் மாதிரி. இன்று எல்லாரும் சொல்லும் "கிளவுட்" என்ற சொல்லுக்கும் இதற்கும் உள்ளது பெயர்ப் பொருத்தம்.

நம் சென்னையிலும் இந்தத் திசையில் வேலை நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஜானகிராம் நடத்திய பரவல், பொருள் முறைமைகள் ஆய்வுக்கூடம் மூல் என்ற திட்டத்தை மேற்கொண்டது. லினக்ஸின் கருவைப் பொருள்நோக்கு முறையில் சீரமைப்பதே அதன் குறிக்கோள். லினக்ஸ் கரு பல லட்சம் வரிகள் கொண்டது. ஒரு பகுதி இன்னொரு பகுதியின் உள்வீட்டுக்குள் கைவிடும்படி பின்னிக் கிடப்பது. ஒன்றைத் தொட்டால் வேறெங்கோ உடையும். அந்தப் பின்னலைக் குறைத்து, பகுதிகளைப் பொருள்களாகப் பிரித்து, சி++ மொழியில் கருவிநிரல்கள் எழுதும்படி செய்தார்கள். இது பரவல் முறை அன்று, ஒரு கணினிக்கானதுதான். ஆனாலும் பொருள்நோக்கு என்ற பாதி நம் ஊரில் கையாளப்பட்டது என்பது நமக்குப் பெருமை. இந்திய அரசின் சி-டாக் நிறுவனமும் இதில் பங்கு கொண்டது. பாஸ் என்ற இந்திய லினக்ஸ் பதிப்பைச் சென்னையிலிருந்து வெளியிட்டதும் அதே சி-டாக்தான்.

லாபம் எங்கே?

வியாபாரி கேட்கும் கேள்விக்கு வருவோம். அமீபா இன்று யார் கணினியிலும் ஓடவில்லை. காரணங்கள் எளியவை. உலகம் ஏற்கெனவே யூனிக்ஸுக்கு எழுதிய நிரல்களை மூட்டை மூட்டையாக வைத்திருந்தது. புதுக் கடைக்காகப் பழைய சரக்கை யாரும் கொட்டமாட்டார்கள். மேசைக் கணினிகளின் விலை விழுந்ததால், செயலிகளைக் குளமாகக் கூட்டி வைக்கும் அவசியமும் அப்போது குறைந்தது. கடை மூடியாயிற்று. அப்படியென்றால் முதல் முழுவதும் நட்டமா?

கணக்கைப் பார்ப்போம். சி.டபிள்யூ.ஐ.யில் அமீபாக் குழுவில் வேலை பார்த்தவர் கைடோ வான் ராசம். அமீபாவில் நிர்வாகத்துக்கான சிறு நிரல்களை சி மொழியில் எழுத நாள் பிடித்தது, யூனிக்ஸ் ஷெல்லும் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. இடையில் ஒரு மொழி வேண்டும் என்று 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கினார். 1991இல் வெளியிட்டார். ஓர் ஆங்கில நகைச்சுவைத் தொடரின் பெயரிலிருந்து பைத்தான் என்று பெயர் வைத்தார். அந்தப் பைத்தானைத்தான் இன்று நம் பிள்ளைகள் சி.பி.எஸ்.இ. பதினோராம் வகுப்பில் படிக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வேலையில் பெரும்பகுதி அந்த மொழியில்தான் எழுதப்படுகிறது.

இன்னொரு வரவும் உண்டு. அதே டானன்பாம் மாணவர்களுக்குக் கற்பிக்க 1987இல் மினிக்ஸ் என்ற சின்ன இயங்குதளத்தைப் புத்தகத்தோடு வெளியிட்டார். ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அதைத் தன் கணினியில் போட்டுப் படித்து, 1991இல் லினக்ஸை எழுதினார். 1992இல் குருவுக்கும் அவருக்கும் இடையே நுண்கரு நல்லதா, ஒற்றைக் கரு நல்லதா என்று பகிரங்க விவாதமே நடந்தது. சந்தையில் ஒற்றைக் கருவான லினக்ஸ் வென்றது. கேரள அரசுப் பள்ளிகளில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாக, 2017 முதல் கைட் என்ற அமைப்பின் வழியாக, பரவியிருப்பதும் அந்த லினக்ஸ்தான். சித்தூர்த் தாலுகாவில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை கணினி அறையில் உட்காரும்போது, அதன் முன்னால் ஆம்ஸ்டர்டாம் ஆசிரியர் ஒருவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

ஆகவே ஆய்வுக்கூடத்தின் கணக்கை ஒரு வருடத்து ஐந்தொகையில் பார்க்கக் கூடாது. சவுக்கு வைத்தவன் நான்கைந்து வருடத்தில் வெட்டுவான். தேக்கு வைத்தவன் பேரனுக்கு வைக்கிறான்.

நிறைவாக

பல கணினிகளை ஒன்றாக்கப் புறப்பட்டவர்கள் கேட்டுக்கொண்ட கேள்விகள் மூன்று. யாரை நம்பிக் கொடுப்பது? யார் முதலில் கேட்டார்? ஒருவர் விழுந்தால் மற்றவர் எப்படி நடத்துவது? சீட்டு, வரிசை எண், நகல் என்று அவர்கள் கண்ட விடைகள் எந்தக் கூட்டு வியாபாரத்துக்கும் பொருந்தும்.

நம் சங்கத்துப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் இவற்றை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், மலையாளத்தில் நண்பர்களோடு பேசுகிறார்கள். வீட்டில் சாப்பிடும்போது "இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். சர்வர், ஃபைல் என்றே சொல்லட்டும், குற்றமில்லை; வாக்கியம் தமிழாக இருந்தால் போதும். தன் தாத்தாவுக்கு விளங்கும்படி ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்த விஷயம் நிச்சயம் விளங்கியிருக்கும். என் பேரனிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒருவழிக் கணக்கை அவன் எண்களால் சொன்னான், நான் மிளகுப் பொடியால் சொன்னேன். இருவருக்கும் புரிந்தது.